எச்சிலில் ஜாதி எங்கே?

விருத்தாசலத்திலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவர் அவ்வூர்ப் பீங்கான் தொழிலில் இருப்பவர். சிறு சூளை ஒன்று வைத்துக்கொண்டு, மின்சாரப் பெட்டிகளுக்கு வேண்டிய பியூஸ் கேரியரும், சந்தைக்கு வேண்டிய பொம்மைகளும் செய்து விற்றுக் குடும்பம் நடத்துகிறவர். தம் பேரையும், பூர்வீகக் கிராமத்தின் பேரையும், ஜாதியையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பேரையும் கிராமத்தையும் அவருடைய பத்திரத்தை உத்தேசித்து விட்டுவிடுகிறோம். ஜாதியையோ, அது எந்த ஜாதியாயிருந்தாலும் நாம் சொல்லப் போவதில் ஓர் எழுத்தும் மாறாது என்பதனால் விட்டுவிடுகிறோம்.

சங்கதி இதுதான். அவருடைய தம்பி மகன் அமெரிக்காவில் உத்தியோகத்தில் இருக்கிறான். அந்நாட்டில் எச்சிலைக் கொண்டு வம்சம் பார்க்கும் வியாபாரம் ஒன்று சில காலமாய் நடந்து வருகிறது. கம்பெனிக்காரன் ஒரு சிறு பெட்டி அனுப்புவான். அதிலுள்ள குழாயில் எச்சிலைத் துப்பி, மூடி, தபாலில் திருப்பி அனுப்ப வேண்டியது. சில வாரங்களில், “உன் முன்னோர் இன்ன இன்ன தேசத்தார், இவ்வளவு பங்கு இங்கே, இவ்வளவு பங்கு அங்கே” என்று கணக்கு வரும். எச்சில் கொடுத்த மற்றவர்களில் யார் யார் உனக்கு இரத்த சம்பந்தமானவர்கள் என்ற ஜாபிதாவும் கூடவே வரும். பையன் அப்படிச் செய்து கொண்டான். முடிவு வந்தது. வீட்டில் ஒரே ஆரவாரம். ஏதோ வடமேற்குத் தேசத்துப் பங்கு கொஞ்சம் அதில் கண்டிருந்ததாம். அதைக் கேள்விப்பட்டு உள்ளூர் ஜாதிச் சங்கத்தார் நேரில் வந்து, “நம் குலம் ராஜகுலம் என்று நாம் சொன்னதை வெள்ளைக்காரன் விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, ஆண்டு மலரில் படம் போட்டுப் பிரசுரிப்போம்” என்று கேட்டார்களாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நமக்குக் கடிதம் வந்திராது. ஒரு மாதம் கழித்து ஜாபிதாவில் புதிதாக ஒரு பேர் சேர்ந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழ் வாலிபர் ஒருவர், நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இரத்த ஒப்புமை உள்ளவர் என்று கண்டிருந்தது. இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். இருவருடைய பாட்டனார்களும் ஒரே கிராமம். ஆனால் ஒருவர் ஊர்த்தெரு, மற்றவர் சேரி! அன்றோடு ஆரவாரம் அடங்கிற்று. பெரியவர், “எந்திரம் தப்பு” என்றார். அத்தை, “அந்தக் காகிதத்தைக் கொளுத்து” என்றார். ஜாதிச் சங்கத்தார் அந்தப் பக்கமே வருவதில்லையாம். இப்போது தோழர் நம்மைக் கேட்பது மூன்று கேள்வி. இந்தப் பரிசோதனை மெய்யா? மெய்யானால் எங்கள் ஜாதி என்னாவது? இதை வெளியில் சொல்வதா, மறைப்பதா?

பழமை பேசுவது விருத்தாசலத்துக்குப் புதிதல்ல. ஊரின் பேரே பழமலை, முதுகுன்றம் என்று கிழட்டுப் பெருமை பேசுகிற பேர்தான். ஆனால் இந்தத் தோழரின் கேள்விகள் பழம்பெருமைக் கேள்விகள் அல்ல. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு எழும்ப வேண்டிய கேள்விகள். ஆகவே தலையங்கத்திலேயே பதில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நம் நாட்டில் எச்சில் என்றால் தீட்டு. ஒருவன் வாய் வைத்த பாத்திரத்தை இன்னொருவன் தொடான். இந்த எச்சில் தீட்டுக்காகவே டீக்கடைகளில் தனிக் குவளை வைத்து, ஒரு கூட்டத்தாரை மனிதரிலும் கீழாக நடத்தினார்கள். அப்படிப்பட்ட எச்சிலைத்தான் இன்று பணம் கட்டிக் கடல் தாண்டி அனுப்பி, “இதில் என் பெருமை இருக்கிறதா பார்” என்று கேட்கிறோம். எச்சிலோ, கேட்டவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறது.

பரிசோதனை மெய்யா என்றால், அதில் மெய்யும் உண்டு, வியாபாரமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் சரீரத்தின் அணுக்களுக்குள் டி.என்.ஏ. என்ற ஒரு நீண்ட நூல் சுருண்டு கிடக்கிறது. அதில் சுமார் 300 கோடி எழுத்துகள். இந்த நூலில் தாய் கொடுத்த பிரதி ஒன்று, தகப்பன் கொடுத்த பிரதி ஒன்று. எந்த இரண்டு மனிதரை எடுத்துக்கொண்டாலும், ஆயிரம் எழுத்துக்குச் சுமார் 999 ஒன்றாகவே இருக்கும். மிச்சமுள்ள ஓர் எழுத்தில்தான் வித்தியாசம். வீட்டுக்குப் பெட்டி அனுப்பும் கம்பெனிகள் பெரும்பாலும் 300 கோடியையும் படிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் மாறக்கூடிய சில லட்சம் இடங்களை மட்டும் பார்க்கின்றன.

அப்படிப் பார்த்ததில், இரண்டு பேரிடம் நீண்ட நீண்ட பகுதிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருந்தால், அவர்கள் இருவரும் ஒரு பாட்டனிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அதைப் பெற்றவர்கள் என்று அர்த்தம். உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்குள் சராசரி எட்டில் ஒரு பங்கு ஒத்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் நூற்றுக்கு மூன்று பங்கு. இவ்வளவு ஒப்புமை தற்செயலாய் வருவதில்லை. மாமன் மகள், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாய் உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பங்களில், தூரத்து உறவும் கிட்டத்து உறவுபோல் கணக்கில் காட்டும் என்பது உண்மையே. ஆனால் தெருவே பார்க்கக் கூடாதென்று வைத்திருந்த இரண்டு குடும்பங்களுக்கிடையில் அந்தச் சமாதானமும் செல்லாது. ஆகவே பெரியவர் மன்னிக்க வேண்டும். இந்த இடத்தில் எந்திரம் தப்பல்ல. பாட்டன், கொள்ளுப்பாட்டன் காலத்தில், அதாவது சுமார் ஒரு நூறாண்டுக்குள், இரு குடும்பத்துக்கும் பொதுவான ஒருவர் இருந்திருக்கிறார்.

எந்திரம் எங்கே தப்புகிறதென்றால், எதைக் கண்டு வீட்டார் முதலில் குதித்தார்களோ அங்கேதான். “இன்ன தேசத்துப் பங்கு இவ்வளவு” என்கிற கணக்கு, கம்பெனியானது தன்னிடமுள்ள மாதிரி ஆட்களோடு உங்களை ஒப்பிட்டுச் சொல்லும் ஊகம். மாதிரி மாறினால் கணக்கும் மாறும். நம் நாட்டு மாதிரிகள் அவர்களிடம் குறைவானால் ஊகமும் அவ்வளவுக்கவ்வளவு குருட்டு ஊகம். 2019ஆம் ஆண்டு கனடா நாட்டில், அச்சாய் ஒன்றுபோல் பிறந்த இரட்டைச் சகோதரிகள் இருவர், ஒரு தொலைக்காட்சி விசாரணைக்காக ஐந்து கம்பெனிகளுக்கு எச்சில் அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே டி.என்.ஏ.தான். ஆயினும் ஐந்து கம்பெனிகளும் ஐந்து விதமாகச் சொன்னதுமல்லாமல், ஒரே கம்பெனி இரண்டு சகோதரிகளுக்கும் வெவ்வேறு கணக்குக் கொடுத்தது. இந்த லட்சணத்திலுள்ள கணக்கை வைத்துக்கொண்டா நாம் ராஜகுலம் என்று மலர் போடுவது? நம்ப வேண்டியதைக் கொளுத்தச் சொல்லி, சந்தேகிக்க வேண்டியதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லுவதுதான் ஜாதிப் புத்தியின் லட்சணம்.

இரண்டாவது கேள்வி, ஜாதி என்னாவது என்பது. இதற்கு எந்திரம்கூட வேண்டாம், வாய்க்கணக்கே போதும். ஒருவனுக்குத் தாய் தகப்பன் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு மேலே எட்டுப் பேர். இப்படியே இரட்டித்துப் போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். இருபதாவது தலைமுறையில், அதாவது விஜயநகரத்து ராயர்கள் ஆண்ட காலத்தில், 10 லட்சத்துக்கு மேல். சொந்தத்திலேயே பெண் கட்டியதால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவார். ஆகவே ஆட்களின் தொகை கொஞ்சம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவுதான் குறைந்தாலும் நூற்றுக்கணக்கான பேர் உண்டு. கோத்திரம் என்றும், வகையறா என்றும், பங்காளி வழி என்றும் நாம் மீசை முறுக்குவது இவர்களில் எத்தனை பேரைப் பற்றி? தகப்பனுக்குத் தகப்பன், அவனுக்குத் தகப்பன் என்று போகும் ஒரே ஒரு ஆளைப் பற்றி! பத்தாம் தலைமுறையின் ஆயிரத்துச் சொச்ச இடங்களில் ஓர் இடத்தை எண்ணி, மற்ற எல்லா இடங்களையும் மறந்துவிட்டு, அதற்கு வம்சம் என்று பேர் வைத்திருக்கிறோம். அந்த மற்றவர்களில் பலருடைய டி.என்.ஏ. நம் சரீரத்தில் ஒரு துளிகூட மிஞ்சியுமிராது. இப்படியிருக்க, எந்த இரத்தத்தைச் சுத்தமென்பது, எதைக் கலப்பு என்பது?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல திருஷ்டாந்தம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக் கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் அவர்களின் குழுவும், அமெரிக்கரான ஸ்பென்சர் வெல்ஸும் தென்னாட்டு மக்களின் மரபணுவை ஆராய்ந்தபோது, உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஜோதிமாணிக்கம் என்ற கிராமத்து வாலிபர் ஒருவரிடம் ‘எம் 130’ என்ற அடையாளத்தைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வெகு காலத்துக்கு முன் கடற்கரை ஓரமாக நடந்து வந்த முதல் மக்கள் கூட்டத்தைச் சேர்ந்த அடையாளம் அது. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளிடமும் அந்த வழி காணப்படுகிறது. உடனே பத்திரிகைகள் ‘முதல் இந்தியர்’ என்று அவருக்குப் பட்டம் கட்டிவிட்டன. விஷயம் என்னவென்றால், அந்த அடையாளம் தகப்பன் வழி ஒற்றைக் கயிறு ஒன்றை மட்டுமே காட்டுவது. அவருடைய மற்ற முன்னோர்கள் நம்மெல்லோருடைய முன்னோர்களைப் போலப் பல வழியாய் வந்தவர்களே. அதிலிருந்து படிக்க வேண்டிய பாடம், உசிலம்பட்டிப் பக்கத்து உழவனும் ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடியும் நெடுந்தூரத்துப் பங்காளிகள் என்பது. நாம் படித்துக்கொண்ட பாடமோ, யார் முதல், யார் மூத்தவன் என்பது.

இன்னும் கேளுங்கள். ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக் கழகத்தாரும் சேர்ந்து, 25 கூட்டங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு ஒரு முடிவு வெளியிட்டார்கள். இந்தியப் பெருநிலத்து மக்கள் அநேகமாக எல்லோருமே இரண்டு பழைய மக்கள் கூட்டங்களின் கலப்பு என்றும், ஜாதிக்கு ஜாதி, வட்டாரத்துக்கு வட்டாரம் பங்கின் அளவு வித்தியாசப்படுகிறதே ஒழியக் கலவாதவர் இல்லை என்றும் கண்டார்கள். 2013ஆம் ஆண்டு இன்னும் அதிகப் பேரை ஆராய்ந்து, இக்கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை தாராளமாக நடந்ததென்றும், அதன் பிறகே அவரவர் கூட்டத்துக்குள் கட்டிக்கொள்ளும் வழக்கம் இறுகிற்றென்றும் எழுதினார்கள். வங்காளத்தில் கல்யாணி என்ற ஊரிலுள்ள தேசிய நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2016ஆம் ஆண்டு, மேல் ஜாதிக் கூட்டங்களில் கலப்பு நின்றது சுமார் 70 தலைமுறைக்கு முன்பு என்று கணக்கிட்டார்கள். அதாவது, ஆதி அந்தமில்லாதது, பிரமன் முகத்திலும் காலிலும் பிறந்தது என்று சொல்லப்பட்ட ஜாதிக்கு இப்போது வயது தெரிந்துவிட்டது. ஒரு நாளில் போடப்பட்ட பூட்டு அது. போட்ட பூட்டைத் திறக்கவும் முடியும்.

இதைப் படித்துவிட்டு நம் தோழர்கள் சிலர் வேறு விதமாகக் குதிக்கலாம். “ஆரியன் வெளியிலிருந்து வந்தவன், நாம்தான் மண்ணின் சுத்த இரத்தம்” என்று அவர்கள் சொல்லக்கூடும். 2019ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், மத்திய ஆசியப் புல்வெளி மக்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து இந்நாட்டுக்குள் வந்து கலந்தார்கள் என்று கண்டது மெய்தான். ஹரியானாவில் ராக்கிகடியில் புதையுண்டிருந்த சிந்துவெளி நாகரிகக் காலத்துப் பெண் ஒருத்தியின் எலும்பில் அந்தக் கலப்பு இல்லை என்று அதே ஆண்டில் சொன்னதும் மெய்தான். ஆனால் அந்தப் பெண்ணும் ஈரான் பக்கத்தாரோடு தொடர்புடைய ஒரு பழங்கூட்டமும் இந்நாட்டு ஆதிமக்களும் கலந்த கலப்பே. வந்தேறி என்று பார்த்தால், ஆப்பிரிக்காவை விட்டு இங்கே வந்த நாள் எல்லோருக்கும் ஒன்று உண்டு. பார்ப்பானுடைய சுத்த இரத்தம் பொய்யானால், நம்முடைய சுத்த இரத்தமும் பொய்யே. ஒருவன் பிறப்பைக் காட்டி உயர்வு கேட்கிறான் என்பதுதான் நம் வழக்கு. அப்படியிருக்க, நாமும் பிறப்பைக் காட்டி எதிர்வழக்காடினால், அவன் கட்சியை நாமே ஒப்புக்கொண்டவர்களாவோம்.

நிற்க. பூட்டுப் போட்டு வைத்ததனால் ஜாதிகளுக்குக் கிடைத்த லாபமென்ன? அதையும் விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில், தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட கூட்டங்களைப் பார்த்ததில், 81 கூட்டங்கள் மிகச் சில முன்னோர்களின் வழியாகவே பெருகி உள்ளுக்குள் சுருங்கிக் கிடப்பதாகக் கண்டார்கள். இப்படிச் சுருங்கிய கூட்டங்களில், தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பழுது வந்து சேர்ந்து, பிள்ளைக்கு நோயாக வெளிப்படும் ஆபத்து அதிகம். வைசியர் என்ற வியாபாரக் கூட்டத்தாரில் சிலருக்கு, அறுவைச் சிகிச்சைக்குக் கொடுக்கும், தசையைத் தளர்த்தும் சில மருந்துகள் ஆபத்தாய் முடிவதை வைத்தியர்கள் வெகு நாளாய் அறிவார்கள். அந்த மருந்தைக் கரைக்கும் சத்து அவர்கள் இரத்தத்தில் பரம்பரையாய்க் குறைந்திருப்பதே காரணம். இன்னொரு பக்கம், இருதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடிய ஒரு மரபணுக் குறை இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவில் இருப்பதாக 2009ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். அது ஏதோ ஒரு ஜாதிக்கென்று ஒதுங்கி நிற்பதல்ல. துணைக்கண்டத்து மக்களிடையே பரவலாய்க் கிடக்கிறது. ஆகவே எச்சில் பார்ப்பதில் மனிதனுக்கு உபயோகமான சமாச்சாரம் நோயைப் பற்றியது. அதை வைத்தியரிடம் காட்டிக் கேட்க வேண்டும். சங்கத்துக் காரியதரிசியிடம் காட்டிப் பயனில்லை.

இனி மூன்றாவது கேள்வி. சொல்வதா, மறைப்பதா? இந்த இடத்தில்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனெனில் இந்தக் கேள்வியின் அடியில் ஒரு பெண் இருக்கிறாள்.

தோழர் கடிதத்தில் ஒரு வரி நம் மனதை விட்டு அகலவில்லை. சிங்கப்பூர் வாலிபரின் பேர் வந்த அன்றிரவே வீட்டில், “எந்தக் கிழவி செய்த காரியமோ” என்று ஒருவர் சொன்னாராம். கவனியுங்கள். இரண்டு குடும்பத்துக்கு இரத்த சம்பந்தம் ஏற்பட ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வேண்டும். அந்த வீட்டாருக்கோ உடனே ஞாபகத்துக்கு வந்தவள் கிழவி. கிழவன் வரவில்லை. நூறாண்டுக்கு முந்திய கிராமத்தில், நிலமும் களமும் சாவியும் யார் கையிலிருந்தன? நடவுக்கும் களையெடுப்புக்கும் வந்த பெண் யாரிடம் கூலிக்கு நிற்க வேண்டியிருந்தது? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழியிருந்ததா? அந்தச் சம்பந்தம் பலாத்காரமாய் இருந்திருக்கலாம். அல்லது இரண்டு மனிதர் ஒருவரையொருவர் விரும்பி, ஊருக்குப் பயந்து மறைத்ததாகவும் இருந்திருக்கலாம். எதுவென்று எச்சில் சொல்லாது. முன்னது என்றால் வெட்கப்பட வேண்டியவன் ஆண். பின்னது என்றால் வெட்கப்பட வேண்டியது ஊர். இரண்டிலும் அந்தப் பெண் வெட்கப்பட ஏதுமில்லை. ஜாதிச் சுத்தம் என்பது ஆண் எங்கும் போகலாம், பெண் மட்டும் பூட்டியிருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் இன்னொரு பேர்தான். செத்துப்போனவளைக் கூண்டிலேற்றுவதற்கு இந்தப் பரிசோதனையை உபயோகிக்கிறவன், பழைய பஞ்சாயத்தின் கையில் புதுப் பிரம்பைக் கொடுத்தவனாவான்.

இதை விருத்தாசலத்துத் தோழருக்கு நாம் எழுதுவதற்குத் தனிக் காரணம் ஒன்றிருக்கிறது. அவருக்கும் அது தெரியும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை என்று ஒரு கிராமம். பொறியியல் படித்துப் பட்டம் பெற்ற முருகேசன் என்ற வாலிபரும், கண்ணகி என்ற பெண்ணும் 2003ஆம் ஆண்டு மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பு, அவள் வேறு வகுப்பு. ஜூலை 8ஆம் தேதி, பெண்ணின் வீட்டார் இருவரையும் பிடித்து, ஊர் பார்த்திருக்க, விஷம் கொடுத்துக் கொன்று, உடல்களை எரித்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை எடுத்து நடத்தி, கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021ஆம் ஆண்டு செப்டம்பர் ஆயிற்று. உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்ய 2025ஆம் ஆண்டு ஏப்ரல் ஆயிற்று. இருபத்திரண்டு வருஷம்! பெற்ற பெண்ணை, கூடப் பிறந்தவளைக் கொல்லுமளவுக்கு அவர்கள் காப்பாற்ற நினைத்தது எதை? குல இரத்தத்தை. அந்த இரத்தம் என்ன யோக்கியதையில் இருக்கிறதென்று மேலே கண்டோம். கலவாத இரத்தம் உலகத்தில் எங்கும் இல்லை. இல்லாத ஒன்றைக் காப்பாற்றுவதற்காக இருந்த இரண்டு உயிர்கள் போயின.

எச்சில் குழாய் வந்துவிட்டால் இப்படிப்பட்ட கொலைகள் நின்றுவிடும் என்று நாம் ஏமாற மாட்டோம். கொன்றவர்கள் விஞ்ஞானம் தெரியாததனால் கொல்லவில்லை. ஜாதி போனால் ஊரில் மதிப்பும், நிலத்தின் மீதும் பெண்ணின் மீதும் உள்ள பிடியும் போய்விடும் என்பதனால் கொன்றார்கள். ஆனாலும், “இரத்தம்” என்று சொல்லி மறைந்து நிற்க இதுவரை அவர்களுக்கு ஒரு திரை இருந்தது. அந்தத் திரை கிழிந்துவிட்டது. அவ்வளவுக்கு விஞ்ஞானத்துக்கு நாம் நன்றி சொல்லலாம்.

ஆகவே தோழருக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான். ஜாதி மலருக்கு அந்தக் காகிதத்தின் ஒரு மூலையைக்கூடக் கொடுக்காதீர்கள். கொளுத்தவும் கொளுத்தாதீர்கள். சிங்கப்பூர் வாலிபரின் பேரை நீங்களாக ஊரில் சொல்லாதீர்கள். அது உங்கள் வீட்டு இரகசியமல்ல, அவருடைய குடும்பத்தின் சங்கதியும்கூட. அதனால் வரும் வம்பும் வசையும் சேரியிலுள்ள அவருடைய தாய் தகப்பனார் தலையில்தான் முதலில் விழும். அவரைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால், உறவு உறவுதான் என்று வாயால் சொல்லுங்கள். அவர் ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும், நீங்கள் போய் அவர் வீட்டில் சாப்பிடுங்கள். கல்யாணம் காட்சிக்குப் பத்திரிகை வையுங்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் சட்டசபையில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து சொல்லை எடுப்பது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அந்தத் தெருவுக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவிலுள்ள தூரத்தை எடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. எச்சிலில் உறவு தெரிந்த பிறகுதான் மனிதனை மனிதனாய் மதிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உறவே இல்லாவிட்டாலும் அவன் மனிதன். ஆனால் உறவென்று தெரிந்தும் வாசலில் நிறுத்துகிறவனுக்குச் சொல்லிக்கொள்ள இனி ஒரு காரணமும் மிச்சமில்லை.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பெட்டிகளை வாங்குமுன் நன்றாக யோசியுங்கள். ஒருவர் கொடுக்கும் எச்சிலில் அவருடைய அண்ணன் தம்பி, பிள்ளை குட்டி எல்லோருடைய சங்கதியும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்தே போகிறது. 2006ஆம் ஆண்டு ஆரம்பித்த ‘டுவென்டித்ரீ அண்ட் மீ’ என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தத் தொழிலில் பேர்போனது. 2023ஆம் ஆண்டு சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் அதனிடமிருந்து களவு போயின. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அக்கம்பெனி திவால் மனுப் போட்டது. அப்போது, கோடிக்கு மேற்பட்ட மக்களின் எச்சில் கணக்கு யார் கைக்குப் போகுமோ என்ற கவலை எழுந்தது. வீடு திவாலானால் பாத்திரம் ஏலம் போகும். இங்கே நம் பாட்டன் பாட்டிமார் ஏலத்துக்கு வந்தார்கள். நாளைக்குக் கல்யாணத் தரகர்கள் ஜாதகக் கட்டோடு எச்சில் கட்டும் கேட்கத் தொடங்கினால் ஆச்சரியப்படுவதற்கில்லை. நோய் தெரிந்துகொள்ள வைத்தியர் சொன்னால் பாருங்கள். பிரிந்துபோன தாயை, பிள்ளையைத் தேடுகிறவர்கள் பார்க்கட்டும். கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊரைத் தேடிப் பார்க்கட்டும். அவையெல்லாம் மனிதருக்கு மனிதர் கிட்டே வரும் காரியங்கள். உயர்வு தேடி மட்டும் யாரும் துப்ப வேண்டாம். அது அதில் இல்லை.

கடைசியாக, விருத்தாசலத்துத் தோழருக்கு அவர் தொழிலிலிருந்தே ஒன்று சொல்லி முடிக்கிறோம். பீங்கான் செய்வதற்கு ஒரே மண் போதாதென்று அவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக் களிமண் மட்டும் போட்டால் சரக்கு வேகாது. நெய்வேலிப் பக்கத்து ஒட்டுமண், வெள்ளைக்கல் தூள், உருகிப் பிடிக்கும் பெல்ஸ்பார் எல்லாம் அளவாய்க் கலந்து அரைத்து, அச்சில் ஊற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேலே வேகவைத்தால்தான் மின்சாரத்தைத் தாங்கும் பீங்கான் வரும். அந்தக் கலவையிலேயே பியூஸ் கேரியரும் வருகிறது, சாமி பொம்மையும் வருகிறது, செட்டியார் பொம்மையும் வருகிறது. அச்சுத்தான் வேறு. சந்தையில் சரக்கு வாங்க வருகிறவன், இது எந்தக் குழியில் எடுத்த மண், அந்த மண் வேறு மண்ணோடு கலந்ததா என்று கேட்பதில்லை. விரலால் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லாமல் கணீரென்று சத்தம் வருகிறதா என்று பார்க்கிறான்.

மனிதனையும் அப்படித் தட்டிப் பாருங்கள் என்பதே நாம் சொல்வது. அவன் அறிவென்ன, ஒழுக்கமென்ன, பிறருக்கு அவன் உபயோகமென்ன என்று பாருங்கள். மண்ணைக் கேட்காதீர்கள். கேட்டால் அது கலப்பு என்றுதான் பதில் சொல்லும். அந்தப் பதிலுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கலந்ததனால்தான் நாம் உடையாமல் இருக்கிறோம்.